ஒல்லாந்தக் கும்பினியார் மெய்க்கீர்த்தி

நாடு பிடித்தவர்கள் உலகில் எத்தனையோ பேர். பிடித்த நாட்டில் நூறாண்டு, இருநூறாண்டு உட்கார்ந்து, சாலை போட்டு, பாலம் கட்டி, கடைசியில் கொடியிறக்கிப் போனவர்களின் பெயர் நிலைத்திருப்பதில் வியக்க ஒன்றுமில்லை. பாடுபட்டார்கள், பலன் கிடைத்தது. ஓர் ஊரில் ஓராண்டும் நிறைய இராமல், ஓரிரவில் கப்பலேறி மறைந்துவிட்டு, அந்த ஊர்க் குன்றின் உச்சியில் இரு நூற்றாண்டு கடந்தும் பெயர் விளங்க வீற்றிருக்கும் பேறு இருக்கிறதே, அது முற்பிறப்பில் தவம் செய்தவர்களுக்கே வாய்க்கும். அவ்வாறு தவம் செய்த புண்ணியவான் மகாராஜராஜஸ்ரீ வில்லெம் ஆர்னோல்ட் ஆல்டிங் பிரபு அவர்கள். 1780 முதல் பத்தேவியாவில் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கும்பினியின் கவர்னர் ஜெனரலாகக் கொலுவிருந்தவர். கோல சிலாங்கூரின் மெலாவத்திக் குன்றில் 1907-இல் எழும்பிய கலங்கரை விளக்கத்துக்கு இன்றளவும் ஆல்டிங்ஸ்பர்க் என்றே திருநாமம். அப்போது ஆண்டவர் ஆங்கிலேயர். அவர்களுக்கே பிரபுவின் பெயரைத் தாண்டி வேறு பெயர் தோன்றவில்லை என்றால் அவருடைய கீர்த்தியை அளந்துகொள்ளலாம்.

கோல சிலாங்கூருக்கு உல்லாசப் பயணம் போகும் நம்மவர்களோ, குன்றிலே குரங்குக்குக் கடலை போட்டுவிட்டு, பொழுது சாய்ந்ததும் மின்மினி பார்க்கக் கம்போங் குவாந்தானில் படகேறிவிடுகிறார்கள். பிரபு இருக்கும் திசைக்கு ஒரு கும்பிடு போடுவாரில்லை. அந்தப் பாவம் நம் தலைமுறையோடு தீரட்டும் என்றுதான் அடியேன் இந்த மெய்க்கீர்த்தியை எழுதத் துணிந்தேன்.

கும்பினியார் சிலாங்கூருக்கு எழுந்தருளியது ஈயத்துக்காக என்று சரித்திரக்காரர்கள் கொச்சையாக எழுதிவிடுகிறார்கள். அவர்கள் எழுந்தருளியது கருணையால். ஈயம் விற்பவன் படும்பாட்டைச் சற்று எண்ணிப் பாருங்கள். ஆங்கிலேயக் கப்பல்காரர் ஒரு விலை கேட்பார், சீன வணிகர் ஒரு விலை கேட்பார், பூகிஸ் மாலுமி மூன்றாவதாக ஒன்றைச் சொல்வார். எவருக்குக் கொடுப்பது, எவரிடம் கூடுதலாகக் கேட்பது என்று மண்டை வெடிக்கும். இந்த மனக்குழப்பத்திலிருந்து மலாய் மன்னர்களை விடுவிக்கவே கும்பினியார் ஓர் அற்புத ஏற்பாட்டைக் கண்டருளினார்கள். வாங்குபவர் ஒருவரே, விலை சொல்பவரும் அவரே. ஏற்பாட்டுக்கு இணங்காதவர்களிடம் மேலும் இரண்டு முறை எடுத்துச் சொல்லப் போர்க்கப்பல்களும் வைத்திருந்தார்கள்.

சிலாங்கூர் சுல்தான் இப்ராஹிம் இந்தக் கருணையைப் புரிந்துகொள்ளவில்லை. ரியாவ் ராஜா ஹாஜி மலாக்காவை முற்றுகையிட்டபோது அவர் பக்கம் நின்றார். 1784 ஜூனில் ராஜா ஹாஜி தெலுக் கெத்தாப்பாங்கில் வீழ்ந்தார். முற்றுகை தீர்ந்தது. சாதாரணத் தளபதியாக இருந்தால் மிச்சமிருந்த குண்டுகளோடு ஊர் திரும்பியிருப்பார். ஒல்லாந்தக் கப்பல்களை நடத்திவந்த வான் பிராம் தளபதியவர்கள் சிக்கனம் மிக்க தேசத்தின் செல்வர். கொண்டுவந்த மருந்து வீணாகலாமா என்று கப்பல்களை வடக்கே திருப்பி, ஆகஸ்டு மாதத்தில் சிலாங்கூர் ஆற்று முகத்தில் அதைச் செலவழித்தார். சுல்தான் குன்றைவிட்டு அகன்றார். கோட்டையை அரும்பாடுபட்டுக் கட்டியவர்கள் சிலாங்கூர் மன்னர்கள். கட்டும் சிரமத்தை அவர்களுக்கு விட்டுவிட்டு, பெயர் சூட்டும் பெருஞ்சிரமத்தைக் கும்பினியார் தம் தோளில் ஏற்றுக்கொண்டார்கள். பெரிய குன்றுக்கு ஆல்டிங்ஸ்பர்க். பக்கத்துத் தஞ்சோங் கெராமாட் குன்றுக்கு ஊட்ரெக்ட். ஆற்றங்கரையில் வலை காயப்போட்ட மீனவர்களிடம் இதைப்பற்றி ஒரு வார்த்தை கேட்டு அவர்களைத் தொந்தரவு செய்யாத நாகரிகத்தையும் சேர்த்தே போற்ற வேண்டும்.

அடுத்து வருவது இந்த வரலாற்றின் மகுடம். 1785 ஜூன் இறுதியில், ஓர் இரவில், பகாங் படைத்துணையோடு சுல்தான் திரும்பி வந்தார். அற்ப மனிதர்களாக இருந்தால் நின்று சண்டை பிடித்து, இரு தரப்பிலும் தாலியறுக்கவைத்து, வீரம் என்று அதற்கு ஒரு பெயரும் வைத்திருப்பார்கள். கோட்டைக்காவலில் இருந்த ஒல்லாந்த வீரர்கள் உயிரின் அருமை உணர்ந்தவர்கள். குறிப்பாகத் தங்கள் உயிரின் அருமை. இருட்டிலே கப்பலை நோக்கி அவர்கள் காட்டிய வேகத்தைப் பாடப் பரணி பாடும் புலவர்தான் வேண்டும். அந்த அவசரத்திலும் கொடைக்குணம் மாறவில்லை. பீரங்கிகளையும் மருந்தையும் ஊராருக்கே தாரை வார்த்துவிட்டுப் போனார்கள்.

போனவர்கள் நம்மை மறந்தார்களா? அதுதான் இல்லை. ஆற்றின் வாயை ஓராண்டு காலம் கப்பல்களால் அடைத்து நின்று காவல் காத்தார்கள். ஏற்றவும் இறக்கவும் ஒன்றும் இல்லாமல் ஊரே ஓய்வெடுத்தது. ஓய்வு மிகுந்து வயிறு ஒட்டிய பிறகு, 1786-இல் சுல்தான் உடன்படிக்கைக்கு வந்தார். கும்பினியின் மேலாண்மையை ஒப்புக்கொண்டார். ஈயம் கும்பினிக்கே என்றும் எழுதிக் கொடுத்தார். ஒன்பதே ஆண்டில் மலாக்கா ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது. 1799 கடைசி நாளில் கும்பினியே கடன்மேல் கடன் சுமந்து கண்ணை மூடியது. இரு நூற்றாண்டு காலம் வாங்குபவரும் விலை சொல்பவரும் தாமே ஆக இருந்தும் கடனாளியாகச் சாக முடிந்தது என்றால், அந்த வியாபாரத் திறமையை எந்தக் கல்லூரியில் கற்பிப்பது!

குன்றில் இன்றைக்கும் பீரங்கிகள் உண்டு. ஏறும்போதே பார்க்கலாம். ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் ஒரு பீரங்கியின் முதுகில் மூன்று பிள்ளைகள் ஏறி உட்கார்ந்திருப்பார்கள். தாய் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்து, "வெடி சத்தம் போடுங்கடா" என்பாள். குழாய் வாயருகே சாம்பல் நிற லூத்தோங் குரங்கு ஒன்று சாவதானமாக உட்கார்ந்து, யாரோ கொடுத்த பயற்றங்காயை நுனியிலிருந்து கடித்துக்கொண்டிருக்கும். அதன் மார்பில் ஒட்டிக்கொண்டிருக்கும் குட்டி மட்டும் ஆரஞ்சு நிறம். கடலைக் குறிபார்த்த குழாய்க்கு எதிரே இப்போது அலையாத்திக் காடு. இரும்பு துருப்பிடிக்காமல் கறுப்புச் சாயம் பூசி வைத்திருக்கிறார்கள். இதே குன்றின் மேல் 1871-இல் ரினால்டோ என்ற ஆங்கிலேயப் போர்க்கப்பலும் குண்டு பொழிந்தது. ஆனால் ரினால்டோவுக்கு இங்கே விளக்குக் கிடைக்கவில்லை. பிரபுவின் அதிர்ஷ்டம் அப்படி.

ஆல்டிங் பிரபுவும் கும்பினியாரும் மலாய்க்காரருக்கு மட்டுமே உபகாரிகள், தமிழருக்கு என்ன செய்தார்கள் என்று சிலர் கேட்கக்கூடும். நன்றி கெட்ட கேள்வி. அவர்கள் உறவு நமக்கு மெலாவத்தியைவிட மூத்தது. பழவேற்காட்டில் கெல்திரியாக் கோட்டையை 1613-இல் எழுப்பினார்கள். 1658-இல் போர்த்துக்கீசியரிடமிருந்து நாகப்பட்டினத்தைப் பெற்றுக்கொண்டார்கள். அடுத்த ஆண்டிலேயே அவர்களுடைய ஈகைக்கு வேலை வந்தது. பிஜப்பூர்ப் படைகள் தஞ்சைச் சீமையைச் சூறையாடின. வயல் கிடந்தது, உழவன் இல்லை. பஞ்சம் மூண்டது. அப்போது பசித்தவர்களைத் தேடிச் சென்ற வள்ளல்கள் கும்பினியார்தான். அரிசி கொடுத்து அனுப்பிவிடும் அரைகுறைத் தர்மம் அவர்களிடம் இல்லை. ஆளையே வாங்கிக்கொண்டார்கள். பெற்றவர்கள் பிள்ளையை விற்க முன்வந்தால், அந்தப் பிள்ளையையும் வாங்கிக்கொண்டார்கள். ஆயிரக்கணக்கானோர் இலங்கைக்கும் பத்தேவியாவுக்கும் மலாக்காவுக்கும் கப்பலேறினார்கள். சோழமண்டலக் கரையிலிருந்து மலாய்த் தீபகற்பத்துக்குத் தமிழனை மொத்தமாக ஏற்றி அனுப்பும் கலையில், பின்னால் வந்த ஆங்கிலேயருக்குக் கும்பினியாரே குலகுரு.

குருவுக்கும் சீடனுக்கும் ஒரு வேற்றுமை உண்டு, அதிலும் குருவே உயர்ந்தவர். ஆங்கிலேயத் துரைமார் கங்காணியை ஊருக்கு அனுப்பி, மலாயாவில் மரத்தைக் குலுக்கினால் காசு உதிரும் என்று பொய் சொல்லவைத்தே வடசிலாங்கூர் ரப்பர்த் தோட்டங்களுக்கு ஆள் சேர்த்தார்கள். ஒப்பந்தம் என்றார்கள், முன்பணம் என்றார்கள், சுதந்திரத் தொழிலாளி என்றார்கள். கும்பினியாரின் நாவில் இப்படிப்பட்ட பொய் ஏறாது. அடிமையை அடிமை என்றே பேரேட்டில் எழுதினார்கள். ஆண், பெண், பிள்ளை, விலை, ஏற்றிய துறை, வழியிலே செத்தவர் எண்ணிக்கை எல்லாம் அழகான கையெழுத்தில் வரிசை பிசகாமல் இருக்கும். இன்று அந்த ஏடுகளைப் படிக்கும் ஆய்வாளர்கள் கணக்கின் துல்லியத்தில் சொக்கிப்போகிறார்கள். செத்தவனுக்கும் ஒரு வரி உண்டு. நட்டக் கணக்கில் உண்டு.

பழவேற்காட்டுக்குப் போனால் கும்பினியார் தங்கள் சொந்தச் சாவை எவ்வளவு நேர்த்தியாக நடத்தினார்கள் என்று காணலாம். கல்லறைத் தோட்டத்து வாயிலில் கல்லில் செதுக்கிய இரு எலும்புக்கூடுகள் காவல் நிற்கும். உள்ளே கற்பலகைகளில் குலச்சின்னமும், பெயரும், பிறந்த ஊரும், பதவியும். இந்தியத் தொல்லியல் துறை வேலியிட்டுப் பாதுகாத்து வருகிறது. அதே கரையிலிருந்து கப்பலேறியவர்களுக்குக் கல் இல்லை என்று முணுமுணுப்பவர்கள் ஒன்றை மறக்கிறார்கள். விற்பனையான பொருளுக்குக் கடையில் எதற்குக் கல்?

நம் பழம்பெருமையையும் அவர்கள் பேணாமல் விட்டதில்லை. கடாரத்து மன்னன் நாகையில் எழுப்பிய சூடாமணி விகாரத்துக்கு, முதலாம் இராசராசன் ஆனைமங்கலம் என்ற ஊரின் வரியைப் பள்ளிச்சந்தமாகக் கொடுத்தான். அதைச் சொல்லும் செப்பேடுகள், சோழ முத்திரையிட்ட வளையத்தில் கோத்தவை, நல்ல கனம். நாகையிலே கிடந்தால் யாராவது உருக்கிக் குடமாக்கியிருப்பார்கள். ஒல்லாந்தர் காலத்தில் அவை கடல் கடந்து, 1862-இல் லெய்டன் பல்கலைக்கழகத்துக்கு வந்து சேர்ந்தன. உலகம் அவற்றை லெய்டன் செப்பேடுகள் என்றே அறிந்தது. சோழனும் கடாரத்தானும் சேர்ந்து செய்த தர்மத்துக்கு, இருவருக்கும் சம்பந்தமில்லாத ஓர் ஊரின் பெயர் கிடைத்தது. பெயர் வைக்கும் கலையில் இவர்களை மிஞ்ச ஆளில்லை என்பதற்கு மெலாவத்தி ஒன்றே சான்று என்று நினைத்திருந்தேன்; அது ஒரு சின்னக் கிளைதான்.

கும்பினி செத்த பிறகும் குலம் தழைத்தது. மலாக்கா நீரிணைக்கு அப்பால், சுமத்ராவின் டெலியில், ஒல்லாந்தத் துரைமார் புகையிலைத் தோட்டம் போட்டார்கள். அங்கேயும் தமிழர் போனார்கள், சீனரும் ஜாவானியரும் போனார்கள். 1880-இல் பிறந்த கூலிச் சட்டம் ஒப்பந்தத்தை மீறிய கூலிக்குச் சிறை என்றது. வேலைக்கு வராமல் நின்றவன் குற்றவாளி. கூலிகளை வரிசையில் நிறுத்தி ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டுக் களத்தையும் நீதிமன்றத்தையும் ஒன்றாக்கிய இந்த எளிமைக்கு ஈடு உண்டா? இதில் ஏதோ கொடுமை நடக்கிறது என்று ஒரு வழக்கறிஞர் 1902-இல் துண்டு நூல் எழுதிக் கூச்சலிட்டார். உடனே அரசாங்கம் ரெம்ரெவ் என்ற அதிகாரியை அனுப்பி விசாரிக்கச் செய்தது. அவர் 1904-இல் அறிக்கை கொடுத்தார். அடித்தது, கட்டிவைத்தது, செத்தது எல்லாம் அதிலே இருந்தன. பதறிப்போய் அதை அச்சடித்து ஊரைக் கலக்கும் அரசாங்கமா அது? பெட்டியில் வைத்துப் பூட்டி, 83 ஆண்டு ஆறப்போட்டார்கள். 1987-இல் யான் பிரேமன் என்ற அறிஞர் எடுத்து வெளியிட்டபோது, சாட்சி சொன்ன கூலி ஒருவருக்கும் மனவருத்தம் உண்டாகியிருக்க வழியில்லை.

இனி, வடசிலாங்கூருக்கு அவர்கள் அளித்த நிலையான கொடை. 1848-இல் ஜாவாவின் போகோர் தாவரத் தோட்டத்தில் நான்கு செம்பனைக் கன்றுகளை நட்டார்கள். ஆப்பிரிக்க மரம் அது. அந்த ஆப்பிரிக்கக் கரையில் எல்மினா கோட்டையை 1637 முதல் வைத்திருந்து, ஆளேற்றுமதியில் தேர்ந்தவர்களுக்கு ஒரு மரத்தை ஏற்றுவது பெரிய காரியமா? நான்கும் வளர்ந்தன. விதை டெலிக்குப் போனது, புகையிலைத் தோட்டத்துச் சாலையோரத்தில் அழகுக்கு நின்றது. பெல்ஜியத்து அட்ரியன் ஹாலே அதில் பணத்தைக் கண்டார். அவருடைய நண்பர், பிரெஞ்சுக்காரர் ஆன்ரி ஃபோகோனியே, விதையை நீரிணைக்கு இந்தப் பக்கம் கொண்டுவந்தார். 1917-இல் பத்தாங் பெர்ஜுந்தை அருகே மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் எழுந்தது. தோட்டத்தின் பெயர் தென்னமரம். நூறாண்டு காலத்தில் தமிழுக்கு இந்த வட்டாரத்தின் ஏட்டில் கிடைத்த பெரிய இடம் அதுதான், அதுவும் நடாத மரத்தின் பெயரில். ஃபோகோனியே பிற்பாடு மலாயாவைப் பற்றி ஒரு நாவல் எழுதி, 1930-இல் பிரான்சின் கோன்கூர் பரிசைப் பெற்றார். காடழித்துக் கன்று நட்டவர்கள் பரிசு ஏதும் பெறவில்லை. அவர்களுக்கு எழுத நேரம் போதவில்லை போலும்.

அந்தக் கன்றுகளின் பேரப்பிள்ளைகளுக்கடியில் நின்று பார்க்கவேண்டும். விடிந்தும் விடியாத பெரட்டு முடிந்ததும், வெட்டுக்காரர் நீண்ட கம்பின் நுனியில் அரிவாளைக் கட்டிக்கொண்டு வரிசைக்குள் நுழைவார். அண்ணாந்து, மட்டையை முதலில் அறுத்து, அடுத்து குலையின் காம்பில் கொக்கியைக் கொடுத்து இழுப்பார். கழுத்து வானத்தையே பார்த்துக்கொண்டிருக்கும், கால் மட்டும் பின்னால் போகத் தயாராக நிற்கும். குலை விழும் அதிர்ச்சி காலடிக்குத் தெரியும். பின்னாலே மனைவி, அந்தக் காலத்தில் பிள்ளைகளும் சேர்ந்து, புல்லுக்குள் சிதறிய உதிரிப் பழங்களைப் பொறுக்கிச் சாக்கில் போடுவாள். ஒரு பழம் விட்டாலும் மேற்பார்வை பார்க்கும் மண்டோர் கண்டுபிடிப்பார். குலையின் முள் ஏறாத விரலே கிடையாது. இப்போது அந்த வரிசையில் அண்ணாந்து நிற்பவர்கள் பெரும்பாலும் வங்காளதேசத்துத் தம்பிகளும் இந்தோனேசியரும். போகோர்க் கன்றுகளின் அருள் ஒரே இனத்தோடு நின்றுவிடாமல் பரவுவது கண்டு மகிழ்வோம்.

கொடுத்தவர்களின் தாய்நாட்டிலும் நினைவைப் போற்றும் பண்பு குன்றாமல் இருக்கிறது. 1621-இல் ஜாதிக்காய்க்காகப் பாண்டாத் தீவுகளின் மக்களை ஏறக்குறைய ஒழித்துக்கட்டிய யான் பீட்டர்சூன் கூன் அவர்களுக்கு, பிறந்த ஊரான ஹோர்னில் சிலை உண்டு. 2011-இல் ஒரு பாரந்தூக்கி இடித்துச் சிலை கீழே விழுந்தது. விதியே கை தவறிச் செய்த அந்தப் பிழையைத் திருத்தி, சிலையைச் செப்பனிட்டு மறுபடியும் ஏற்றிவிட்டார்கள். பீடத்துப் பலகையில் கொஞ்சம் குறையும் எழுதினார்கள். கொன்றவருக்குச் சிலை, கொல்லப்பட்டவருக்குப் பலகை! எவ்வளவு நியாயமான பாகப்பிரிவினை! 2006-இல் அந்நாட்டுப் பிரதமர் பால்கனெண்டே அவர்கள், நமக்கு வேண்டியது பழைய கும்பினியாரின் மனோபாவம் என்று பாராளுமன்றத்திலேயே வாழ்த்தினார். அரசர் வில்லெம் அலெக்சாந்தர் 2023 ஜூலை 1-இல் அடிமை முறைக்காக மன்னிப்பும் கேட்டருளினார். சுரினாமில் அடிமைகளை விடுதலை செய்த 1863 ஜூலை 1-க்கும் அந்தத் திருநாளுக்கும் இடையே சரியாக 160 ஆண்டு. ரெம்ரெவ் அறிக்கைக்கு எடுத்துக்கொண்டதைப்போல ஏறக்குறைய இரண்டு பங்கு ஆற அமர யோசித்திருக்கிறார்கள். அவசரத்தில் கேட்கும் மன்னிப்பில் கனம் இருக்காது.

நம் ஊரும் பெயர்களைப் பேணுவதில் சளைத்ததல்ல. பத்தாங் பெர்ஜுந்தை 2007-இல் பெஸ்தாரி ஜெயாவாகிவிட்டது. ஊர்ப்பெயர் மாறலாம், பிரபுவின் பெயர் மாறாது. அந்த வட்டாரத்தில் துண்டாடப்பட்ட தோட்டங்களில் லயங்களை இடித்து வீட்டுமனை போட்டார்கள். மேரி, மின்யாக், நைஜல் கார்டனர், சுங்கை திங்கி, புக்கிட் தாகார் ஆகிய ஐந்து தோட்டத்து மக்கள் சொந்த வீட்டுக்காக ஆண்டுக்கணக்கில் அலைந்தார்கள். மூன்று தலைமுறை பால்மரம் வெட்டியவர்களுக்கு அந்த அலைச்சல் நல்ல உடற்பயிற்சி.

இவர்கள் செய்த தவறு என்ன என்று யோசித்துப் பார்த்தேன். நூறாண்டுக்கு மேல் இருந்தது முதல் தவறு. ஓராண்டோடு நிறுத்தியிருந்தால் குன்றில் ஒரு மூலை ஒதுக்கியிருப்பார்கள். ஆற்றை அடைக்கவில்லை, எவரையும் விலைக்கு வாங்கவில்லை, பிறர் கட்டியதற்குத் தம் பெயரை வைக்கவில்லை. போகும்போது பீரங்கி ஒன்றையாவது விட்டுவிட்டுப் போகும் பெருந்தன்மையும் அவர்களிடம் இல்லை. அவர்கள் விட்டது ஒரு மாரியம்மன் கோயில், ஒரு தமிழ்ப்பள்ளி, செம்பனை வரிசைகளுக்கு நடுவே புல் மூடிய ஒரு சுடுகாடு. இவற்றுக்குக் கறுப்புச் சாயம் பூசி வைக்க எந்த இலாகாவில் பணம் ஒதுக்குவார்கள்?